எல்லைக்கல்லும் காணிக்கையும்



திண்டுக்கல் சமவெளியில் பல தோட்டங்களுக்குக் கிளுவைதான் வேலி. அது ஓர் அடி தள்ளிப்போனால் இரு வீட்டுப் பேச்சுவார்த்தையும் நின்றுபோகிறது. எல்லைக்கல்லைத் தள்ளி நடுவதை இணைச்சட்ட நூல் (19:14) தடைசெய்கிறது. அதற்காக ஊகத்தை வைத்துச் சண்டையிடலாமா? பட்டாவையும் புலப்படத்தையும் எடுத்துக்கொண்டு முதலில் பக்கத்து நிலத்தாரிடம் பேசுவோம். தீராவிட்டால் நில அளவைக்கு மனு கொடுப்போம். இருவரும் உடனிருக்க நில அளவர் அளக்கட்டும். வழக்காகிவிட்டாலும் மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாகலாம். அந்தத் தீர்வுக்கு மேல்முறையீடு இல்லை, கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

நம் நிலம் அந்தப் பக்கம் போயிருந்தால் உரிமையைக் கேட்கலாம், பகை வளர்க்கலாகாது. மூத்தவரான ஆபிராமே, லோத்து முதலில் தேர்ந்துகொள்ள விட்டுக்கொடுத்தார் (தொநூ 13). நம் வேலி அவர் நிலத்தில் இருந்தாலோ, அவர் கேட்குமுன் நாமே பிடுங்குவோம். பீடத்தில் காணிக்கை வைக்குமுன் ஆண்டவர் கேட்கும் நல்லுறவு (மத் 5:23-24) அங்கே தொடங்குகிறது.