காய்ச்சலும் ஒரு கடிதத் துண்டும்

நோய் வந்தால் வைத்தியரை நாடுவது உலக வழக்கம். நோய் வாராமற் காக்கும் உத்தியோகத்தரையோ, அவர் நம் படலையைத் தட்டும்போதுதான் நாம் நினைவுகூர்கிறோம். திருகோணமலை நகரிலே இவ்விரு சாராரும் ஒரே குடும்பங்களுக்காகவே உழைக்கின்றனர். ஆயினும் ஒருவர் அறிந்ததை மற்றவர் அறியும் வழி ஒடுங்கியதாகவே உளது.

இப்பிரிவு இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1926ஆம் ஆண்டிலே களுத்துறையில் இலங்கையின் முதலாவது சுகாதாரப் பகுதி தொடங்கப்பெற்றது. அதன் வழிவந்தவையே இன்றைய சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் குடும்பநல உத்தியோகத்தரும் தத்தமக்கு வகுக்கப்பட்ட எல்லைக்குள் வீடு வீடாகச் செல்வர். வைத்தியசாலைகளின் வெளிநோயாளர் பிரிவுகளுக்கும் தனியார் வைத்தியர்களுக்கும் அத்தகைய எல்லை இல்லை. நோயாளி இன்று ஒருவரிடமும் நாளை இன்னொருவரிடமும் செல்லலாம்.

இதனால் விளையும் இடர் யாது? 2017ஆம் ஆண்டிலே இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். 400 பேருக்கு மேல் மாண்டனர். நம் மாவட்டத்துக் கிண்ணியாவும் அவ்வாண்டின் தொடக்கத்தில் உயிர்களைப் பறிகொடுத்தது. காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தாய் பலவேளை அயலிலுள்ள வைத்தியரிடமே முதலிற் கொண்டுசெல்கிறாள். அவர் எழுதும் அறிவித்தற் துண்டு உடனே போய்ச் சேர்ந்தால், பரிசோதகர் அவ்வீட்டையும் அயலையும் ஆராய்ந்து தேங்கிய நீரை அகற்றச் செய்வார். தாமதித்தாலோ, நுளம்பின் முட்டை பறக்கும் பருவமெய்த ஏறத்தாழ ஒரு வாரமே போதும். வைத்தியர் ஒரு பிள்ளையைக் காப்பாற்றியிருப்பார். அயல்வீட்டுப் பிள்ளை படுத்துவிடும். அறிவிக்கும் கடமை 1897ஆம் ஆண்டின் நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டத்தை அடியாகக் கொண்டது. தனியார் வைத்தியருக்கும் உரியது. ஆயினும் நோயாளர் நிறைந்த மாலைப்பொழுதில் அத்துண்டு எழுதப்படாது போதல் கூடும்.

இரு கரைகளையும் இணைக்கும் பாலம் ஒன்று நம் வீட்டு அலுமாரியிலேயே உண்டு. அதுவே குழந்தையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு. குடும்பநல உத்தியோகத்தர் எழுதுவதை எந்த வைத்தியரும் அதிற் படித்தறியலாம். நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் உடைய பெரியோர்க்கும் இத்தகைய ஏடொன்று இருப்பின் எத்துணை நலம்!

வேல்ஸ் நாட்டின் கிளின்கொரக் என்னும் சுரங்கத் தொழிலாளர் கிராமத்திலே, ஜூலியன் ரியூடர் ஹார்ட் என்ற குடும்ப வைத்தியர், தம்மை நாடி வந்தோர்க்கு மட்டுமன்றி, ஊரிலுள்ள வளர்ந்தோர் அனைவர்க்கும் குருதியமுக்கம் அளக்க முற்பட்டார். வாராத நோயாளியும் தம் பொறுப்பே என்பது அவர் கொள்கை.

நம் நகருக்கும் அக்கொள்கை வேண்டும். நகரத்து வைத்தியர்களும் சுகாதார வைத்திய அதிகாரியும் மாதமொருமுறை கூடிப் பேசுதல் பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. குடும்பத்தவராகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. மருந்தை வாங்கிக்கொண்டு எழும்போது, “ஐயா, இக்காய்ச்சலைச் சுகாதாரப் பணிமனைக்கு அறிவித்தீர்களா?” என்று வினவுவோமாக. அவ்வொரு வினா அயல்வீட்டுப் பிள்ளையைக் காக்கவும் கூடும்.