பிடுங்காதீர்கள், உருகட்டும்!

மின்னணுவியல் துறை, மூன்றாம் ஆண்டு மாணவன், எருமப்பட்டி



எங்கள் வீட்டில் போர்டு என்றால் பள்ளிக்கூடத்துக் கரும்பலகைதான். சர்க்யூட் போர்டைக் கையில் தொட்ட முதல் ஆள் நான். அந்தப் பெருமையில் நான் செய்த ஒரு தவறையும், அதில் கற்றுக்கொண்டதையும் இந்த மலரில் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

என் அப்பா எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் வேலை செய்கிறார். போன வருஷம் பொங்கல் லீவில் அந்தப் பண்ணையின் போர்வெல் மோட்டார் ஸ்டார்ட்டர் கார்டு வேலை செய்யாமல் நின்றுவிட்டது. "எம் பையன் இதுக்குத்தானுங்க படிக்கிறான்" என்று அப்பா அதைக் கழற்றி வாங்கி வந்துவிட்டார். பார்த்தவுடனே பழுது தெரிந்தது. வோல்டேஜ் திடீரென்று ஏறும்போது கார்டைக் காப்பாற்றுகிற வேரிஸ்டர், நீல நிறத்தில் வட்டமாக இருக்குமே, அது வெடித்துக் கருகியிருந்தது. இரண்டே கால்தான். கொஞ்சம் சூடு காட்டி மூக்குப் பிளையரால் இழுத்தேன். கால் வந்தது. கூடவே அடியிலிருந்த செம்பும் பெயர்ந்து வந்தது!

பண்ணையில் புதுக் கார்டு வாங்கினார்கள். அப்பா தன் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். என்னைத் திட்டவில்லை. "நம்பிக் குடுத்தாங்க கண்ணு" என்று மட்டும் சொன்னார். சால்டரிங் அயர்ன் சுட்டதைவிட அது அதிகம் சுட்டது.

செம்பு ஏன் பெயர்ந்தது?

பலகையின் மேல் இருக்கும் செம்புத் தகடு சாதாரணமாக 35 மைக்ரான் தடிமன்தான். நம் தலைமுடியில் ஏறக்குறைய பாதி. அதைப் பலகையோடு பிடித்து வைத்திருப்பது பிசின். நாம் அதிகம் பார்க்கும் எஃப்.ஆர்.4 பலகையின் பிசின் 130 முதல் 140 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். ஈயமோ 183 டிகிரிக்கு மேல்தான் உருகும். (புத்தகத்தில் பற்றாசு என்று போட்டிருக்கும். கடையில் ஈயம் என்று கேட்டால்தான் கொடுப்பார்கள்.) அதாவது ஈயம் உருகும் நேரத்தில் பிசின் ஏற்கெனவே பலமிழந்து நிற்கிறது. அப்போது இழுத்தால் எது முதலில் வரும் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். ஆகவே அந்த இடத்தில் சூடு கொஞ்ச நேரமே இருக்க வேண்டும், இழுப்பு இருக்கவே கூடாது.

எப்படி எடுப்பது?

முதலில் மின்சாரத்தைத் துண்டியுங்கள். பெரிய கெப்பாசிட்டரில் சார்ஜ் இறங்கிவிட்டதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். பாகம் எந்தத் திசையில் இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டரை மாற்றிப் போட்டால் வெடிக்கும்.

அடுத்தது கேட்க வேடிக்கையாக இருக்கும். ஈயத்தை எடுக்க, முதலில் புது ஈயம் வையுங்கள்! பழைய ஈயத்தின் மேல் ஆக்சைடு படிந்து சூட்டை உள்ளே விடாது. புது ஈயக் கம்பிக்குள் இருக்கும் பிளக்ஸ் அந்தப் படலத்தைக் கரைக்கும். உருகிய ஈயம் அயர்ன் முனைக்கும் காலுக்கும் நடுவே பாலம் போல நின்று சூட்டைக் கடத்தும். இன்னொரு லாபமும் உண்டு. ஐரோப்பாவில் 2006 ஜூலை முதல் மின்னணுப் பொருள்களில் காரீயத்துக்குக் கட்டுப்பாடு வந்தபின், பல பலகைகளில் காரீயம் இல்லாத கலவையே இருக்கிறது. அது உருக சுமார் 217 டிகிரி வேண்டும். அதில் 63/37 ஈயத்தைக் கலந்தால் குறைந்த சூட்டிலேயே இளகும்.

துளையில் கால் இறங்கியிருக்கும் பாகத்துக்கு நாம் 'சக்கர்' என்று சொல்லும் பம்ப் போதும். அமுக்கி வைத்துக்கொண்டு, ஈயம் பளபளவென்று உருகியதும் வாயை ஒட்டிப் பிடித்துப் பொத்தானைத் தட்டுங்கள். மிச்சத்துக்குச் செம்புப் பின்னல் நாடா. நாடாவை ஈயத்தின் மேல் வைத்து, அதன் மேல் அயர்னை வையுங்கள். எடுக்கும்போது இரண்டையும் சேர்த்தே தூக்குங்கள். நாடா ஆறி ஒட்டிக்கொண்டபின் இழுத்தால் என் கதைதான்.

பலகை மேல் ஒட்டியிருக்கும் எஸ்.எம்.டி. ரெசிஸ்டர்களில் 0805 என்பது 2 மில்லிமீட்டர் நீளமே. இரண்டு முனையிலும் தாராளமாக ஈயம் வைத்து, அயர்னை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றிக் காட்டுங்கள். இரண்டு பக்கமும் உருகியிருக்கும் நொடியில் டிவீசரால் மெல்லப் பக்கவாட்டில் தள்ளினால் வழுக்கிக்கொண்டு வரும். வரவில்லையா? இன்னும் உருகவில்லை என்று அர்த்தம். பலத்தைக் கூட்டாதீர்கள், சூட்டைக் கவனியுங்கள். நிறையக் கால் உள்ள ஐ.சி.க்கு ஹாட் ஏர் நல்லது.

இந்த வேலையை ஜன்னல் பக்கம் உட்கார்ந்து செய்யுங்கள், பிளக்ஸ் புகை மூச்சுக்கு ஆகாது. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பாடு. காரீயம் உடம்புக்குள் போகக் கூடாது.

கெட்டுப்போன அந்தக் கார்டை நான் தூக்கிப் போடவில்லை. இந்த வருஷம் லேப் சார் ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். செம்பு பெயர்ந்த இடத்துக்குப் பக்கத்திலேயே பாதை தொடர்கிறது. அதன் மேல் இருந்த பச்சைப் பூச்சைப் பிளேடால் சுரண்டி, ஈயம் பூசி, புது வேரிஸ்டரின் காலை ஒரு சின்ன உறையிட்ட ஒயரால் அங்கே இணைத்தேன். பியூஸையும் மாற்றினேன். சார் மீட்டர் வைத்துப் பார்த்து "சரி" என்ற பிறகுதான் ஊருக்குக் கொண்டுபோனேன். மோட்டார் ஓடியது. இப்போது அந்தக் கார்டு பண்ணையில் ஸ்பேராக இருக்கிறது. அப்பா அன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரம் பக்கத்துத் தோட்டத்து ரேடியோ ஒன்று எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்திருந்தது!

நண்பர்களே, வேரிஸ்டர் சில ரூபாய்தான். போர்டு ஆயிரக்கணக்கில். அதைவிட விலை கூடியது நம்மை நம்பிக் கொடுத்தவர்களின் நம்பிக்கை. ஆகவே ரிப்பேர் கடையில் தூக்கிப் போடும் பழைய போர்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, ஐம்பது பாகமாவது கழற்றிப் பழகுங்கள். அதற்குப் பிறகு அடுத்தவர் பொருளில் கை வையுங்கள்.