பாடசாலைத் திறப்பும் நோய்ப் பரவலும்: மலையகத் தோட்டங்களை முன்வைத்து ஒரு நோக்கு

கொவிட் பெருந்தொற்றின்போது, பாடசாலைகளைத் திறந்தால் சமூகத்தில் நோய் பெருகுமா என்னும் வினா உலகெங்கும் எழுந்தது. பாடசாலை மூடப்பட்டால் பிள்ளை வீட்டில் பிறரினின்றும் விலகியிருக்கும் என்பது அவ்வினாவினுள் மறைந்துள்ள எடுகோள். நுவரெலியா, ஹற்றன் பகுதித் தேயிலைத் தோட்டங்களுக்கு இது எத்துணை பொருந்தும் என்பதையே இங்கு நாம் நோக்குகின்றோம்.

2020 மார்ச் நடுப்பகுதியில் இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டன. ஊரடங்குச் சட்டம் நிலவியபோதும் தோட்டங்களுக்கு விலக்களிக்கப்பட்டமையால் கொழுந்து பறிப்பு நிற்கவில்லை. பெற்றோர் மலைக்குச் சென்றனர். பிள்ளைகள் லயத்தில் தங்கினர். பிரித்தானியர் காலத்து லயங்களிலே, ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட ஓர் அறையில் ஒரு குடும்பம் முழுவதும் வாழ்வதை இன்றும் காணலாம். கூரையும் சுவரும் மட்டுமன்றித் தண்ணீர்க் குழாயும் பொது. பகலெல்லாம் நிறுவைக் கொட்டிலில் பலரோடு நின்ற தாய் மாலையில் இவ்வறைக்கே திரும்புகிறாள். இங்கே பாடசாலையை மூடுதல் பிள்ளையைக் கூட்டத்தினின்றும் விலக்குவதன்று. வேறொரு கூட்டத்துள் அடைப்பதாகும்.

2020 ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையிலும், பின்னர் பேலியகொடை மீன்சந்தையிலும் பெருகிய தொற்று ஹற்றன் வரை எட்டியது. அவ்வேளை பாடசாலைகள் மீண்டும் மூடப்பட்டிருந்தன. கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் உழைக்கும் மலையக இளைஞர் நவம்பர் 14ஆம் திகதித் தீபாவளிக்கு ஊர் திரும்புவது குறித்தே அன்று அச்சம் நிலவியது. நோய் வந்த வழி தொழிலும் வணிகமுமே.

இதனைக்கொண்டு பாடசாலைக்குப் பங்கே இல்லை என வாதிடுதல் பொருந்தாது. 2020 மே மாதத்தில் எருசலேமின் உயர்நிலைப் பாடசாலை ஒன்றில், வெப்ப அலையின் காரணமாக முகக்கவசம் தளர்த்தப்பட்டு, குளிரூட்டிய அறைகளில் மாணவர் நெருங்கியிருந்தமையால் பெருந்தொற்று ஏற்பட்டது. மாறாக, அவ்வாண்டு இளவேனிலில் ஆரம்ப வகுப்புகளைத் திறந்தே வைத்த சுவீடனுக்கும், மூடிய பின்லாந்துக்கும் இடையே பிள்ளைகளின் தொற்று வீதத்தில் பெரும் வேறுபாடு காணப்படவில்லை. பின்வந்த டெல்டா திரிபு பிள்ளைகளிடத்தும் எளிதிற் பரவியது உண்மையே. ஆயினும் அப்பகுதியில் ஏலவே உள்ள தொற்றின் அளவு, வகுப்பறைக் காற்றோட்டம், மாணவர் வயது ஆகியவையே முடிவைப் பெரிதும் நிர்ணயிக்கின்றன.

இவ்வளவைகளால் நோக்குமிடத்து, ஒரு தோட்டத்துப் பிள்ளைகள் மாத்திரம் நடந்து வரும் சிறு பாடசாலையும், பல தோட்டங்களிலிருந்து பஸ்ஸில் மாணவர் திரளும் நகரப் பாடசாலையும் ஒரே தட்டில் வைக்கத்தக்கன அல்ல. (மலையகத்துக் குளிரில் யன்னல்களை அடைத்துக்கொள்ளும் வழக்கம் இரண்டுக்கும் பொது.) 200க்குக் குறைந்த மாணவரைக் கொண்ட ஆரம்பப் பாடசாலைகளை முதலில் திறக்கும் முடிவு 2021 ஒக்டோபர் 21 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதற்குள், அலைவரிசை தேடி மேட்டிலேறியும், தந்தையின் ஒரே கைத்தொலைபேசிக்காகக் காத்திருந்தும் பிள்ளைகள் இழந்த கற்றல் காலம் பெரிது.

இனியொரு தொற்று வருமிடத்து மூடுதலின் அலகு நாடாகவோ மாவட்டமாகவோ அன்றி, தோட்டமாக இருத்தல் வேண்டும். அதற்கு ஆசிரியர் நாள்தோறும் நகரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகும் நிலை மாறவேண்டும். தோட்டத்திலேயே ஆசிரியர் விடுதி கட்டப்படவேண்டும்.