சுன்னத்தும் விந்து முந்துதலும்

ஆண்குறியின் மொட்டை மூடியிருக்கும் முன்தோலை வெட்டி நீக்குவதே சுன்னத். முஸ்லிம்களும் யூதர்களும் இதைச் சமயக் கடமையாகச் செய்கிறார்கள். முன்தோலில் நோய் வந்தால் மற்றவர்களுக்கும் மருத்துவர்கள் செய்கிறார்கள். இதை விந்து முந்துதலோடு முடிச்சுப் போடும் பேச்சு நெடுநாளாக இருக்கிறது.

எது விந்து முந்துதல்?

உறவு தொடங்கியதும் வெகு விரைவில் விந்து வெளியேறிவிடுவது, அதைத் தள்ளிப்போட முடியாமை, அதனால் மனவேதனை ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் மருத்துவம் இதைக் கோளாறு என்கிறது. முதல் உறவிலிருந்தே ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுவது ஒரு வகை. நன்றாக இருந்தவருக்கு இடையில் வந்து, நேரம் மூன்று நிமிடம் அல்லது அதற்கும் கீழே குறைவது இன்னொரு வகை. நான்கைந்து நிமிடம் நீடிப்பவர் தமக்கு நோய் என்று அஞ்சத் தேவையில்லை. ஆனால் லாட்ஜில் அறை எடுத்துத் தங்கி மருந்து விற்பவர்களின் வியாபாரம் பெரும்பாலும் இந்த அச்சத்தை நம்பியே நடக்கிறது.

எதிரெதிரான இரு நம்பிக்கைகள்

முன்தோல் போனால் மொட்டு துணியில் உரசி உரசி மரத்துப்போகும், அதனால் நேரம் கூடும் என்கிறது ஒரு தரப்பு. முன்தோலில் நரம்பு முனைகள் அதிகம், அவற்றை இழந்தவருக்குக் கட்டுப்பாடு குறையும் என்கிறது மறுதரப்பு. விந்து வெளியேறும் நேரத்தைத் தோலின் உணர்ச்சி மட்டுமே தீர்மானிக்கிறது என்று இரண்டுமே எண்ணிக்கொள்கின்றன. உண்மையில் அதில் பெரும்பங்கு மூளைக்கும் தண்டுவடத்துக்கும் உரியது. செரட்டோனின் என்ற வேதிப்பொருளின் செயல்பாடு அங்கே விந்து வெளியேற்றத்தைத் தாமதப்படுத்துகிறது.

கடிகாரம் வைத்து அளந்தபோது

2005இல் வெளியான ஓர் ஆய்வில் நெதர்லாந்து, பிரிட்டன், ஸ்பெயின், துருக்கி, அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் தம்பதிகள் நான்கு வாரம் ஸ்டாப்வாட்ச் வைத்து நேரத்தைக் குறித்தார்கள். எல்லோருடைய நேரங்களையும் வரிசைப்படுத்தினால் நடுவில் நின்ற அளவு 5.4 நிமிடம். துருக்கியை விட்டுவிட்டு மற்ற நான்கு நாடுகளைப் பார்த்தால், சுன்னத் செய்தவர்களுக்கு 6.7 நிமிடம், செய்யாதவர்களுக்கு 6.0 நிமிடம். புள்ளியியல் கணக்கில் இது வேறுபாடே அல்ல. ஆண்களில் ஏறக்குறைய அனைவருமே சுன்னத் செய்துகொண்ட துருக்கியில்தான் ஐந்து நாடுகளிலும் மிகக் குறைந்த அளவு: 3.7 நிமிடம். சுன்னத் நேரத்தைக் கூட்டும் என்போருக்கு இந்த எண் சங்கடமானது. அதற்காகச் சுன்னத்தே நேரத்தைக் குறைத்தது என்று சொல்லவும் இது போதாது. நாட்டுக்கு நாடு மாறுபடுவன வேறு பலவும் உண்டு.

துருக்கியிலேயே, வளர்ந்த பிறகு சுன்னத் செய்துகொண்ட 42 பேரிடம் நடந்த சிறிய ஆய்வில் நேரம் கூடியதாகத் தெரிந்தது. ஆனால் அதில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை.

இவற்றைவிட வலுவான சான்று கென்யாவின் கிசுமு நகரிலிருந்து வந்தது. எச்.ஐ.வி. தொற்றைச் சுன்னத் குறைக்குமா என்று அறிய 18 முதல் 24 வயது வரையிலான 2,784 ஆண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்கு உடனேயும் மறு பாதியினருக்கு இரண்டு ஆண்டு கழித்தும் சுன்னத் செய்வதென ஏற்பாடு. அந்த இரண்டு ஆண்டுகளில் விந்து முந்துதல் உள்ளிட்ட பாலியல் குறைகளில் இரு குழுவுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. சுன்னத் செய்துகொண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் உணர்ச்சி கூடியிருப்பதாகவே சொன்னார்கள். மரத்துப்போகும் என்ற வாதத்துக்கு இது நேர் எதிர்.

முன்தோலில் நோய் இருந்தால்

முன்தோல் இறுகிப் பின்னால் போகாமை, சர்க்கரை நோயாளிகளுக்கு அடிக்கடி வரும் மொட்டு அழற்சி போன்றவை வலியையும் பதற்றத்தையும் உண்டாக்கும். அந்தப் பதற்றத்தில் உறவு அவசரமாக முடிவதும் உண்டு. இப்படிப்பட்டவருக்குச் சுன்னத்துக்குப் பின் நிலைமை சீரானால், அங்கே குணமானது முன்தோல் நோய்தான்.

எதற்குச் சிகிச்சை?

இடையில் வந்த கோளாறானால் முதலில் காரணத்தைத் தேட வேண்டும். தைராய்டு அதிகமாகச் சுரப்பது, புராஸ்டேட் அழற்சி, விறைப்புக் குறைவு ஆகியவை அடிக்கடி காணப்படுபவை. காரணத்தைச் சரிசெய்தாலே பலருக்கு நேரம் திரும்பிவிடும்.

தொடக்கத்திலிருந்தே இருப்பவருக்குச் செரட்டோனினின் செயலைக் கூட்டும் மாத்திரைகள் உதவும். உறவுக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் முன்பு எடுத்துக்கொள்ளும் டாபொக்ஸெட்டின் இவற்றில் ஒன்று. சிலருக்குத் தலைசுற்றல் வரும், மதுவோடு சேர்க்கக் கூடாது. மரப்புக் களிம்பு தடவுபவர் உறவுக்கு முன் அதைத் துடைக்க வேண்டும், அல்லது ஆணுறை அணிய வேண்டும். இல்லையென்றால் மனைவிக்கும் மரத்துப்போகும். உச்சம் நெருங்கும்போது நிறுத்தி, தணிந்தபின் தொடரும் பயிற்சிக்குச் செலவில்லை, தம்பதிகளின் பொறுமைதான் தேவை.

ஆண்குறி நரம்பை வெட்டும் அறுவைச் சிகிச்சையைச் சிலர் விளம்பரம் செய்கிறார்கள். உணர்ச்சி நிரந்தரமாகப் போய்விடக்கூடும் என்பதால் பாலியல் மருத்துவ வல்லுநர் அமைப்புகள் அதைப் பரிந்துரைப்பதில்லை. விந்து முந்துதலுக்கென்று மட்டும் சுன்னத் செய்துகொள்வதற்கும் மருத்துவக் காரணம் இல்லை.