பாறசாலை எல்லையில் தமிழில் ரோபோ பாடம்: பெட்டியில் என்ன இருக்கிறது?

பாறசாலை: கேரளத்தில் 2025-26 கல்வியாண்டு முதல் பத்தாம் வகுப்பு மாணவர் அனைவருக்கும் ரோபோட்டிக்ஸ் பாடமாகியுள்ளது. பாடநூல் மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடம் ஆகிய நான்கு மொழிகளிலும் உள்ளது. 1956 மாநிலச் சீரமைப்பில் கேரளத்திலேயே நின்றுவிட்ட நெய்யாற்றின்கரை வட்டத்து எல்லைக் கிராமங்களில், தமிழ்வழி பயிலும் பிள்ளைகளும் இதனால் தாய்மொழியிலேயே இதைக் கற்கலாம்.

2022 டிசம்பரில் லிட்டில் கைட்ஸ் மன்றங்களுக்கென 9,000 பெட்டிகளுடன் தொடங்கிய திட்டம் இது. பின்னர் அரசின் கைட் நிறுவனம் வழங்கிய பெட்டிகள் 29,000 ஆயின. பொம்மை ரோபோவின் கை, கால்களைப் பொருத்தி முடிக்கும் தொகுப்பன்று. ஆர்டுயினோ பலகை, பிரெட்போர்டு, அகச்சிவப்பு சென்சார், சிறிய செர்வோ மோட்டார், பஸ்ஸர், எல்.இ.டி. விளக்குகள், இணைப்புக் கம்பிகள் போன்றவையே உள்ளன.

பாடத்தின் தொடக்கச் செயல்பாடு தானியங்கி சானிடைசர் கருவி. சென்சார் அனுப்பும் ஒளி, நீட்டிய கையில் பட்டுத் திரும்புகிறது. அதை உணர்ந்த பலகை செர்வோவைத் திருப்ப, குப்பியின் அழுத்தி கீழிறங்குகிறது.

ஒருமுறை இயங்கினால் கருவி தேறிவிட்டதாகாது. வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு. சன்னலோரம் வைத்தால் கையில்லாமலே இயங்கக்கூடும். கருநிறப் பொருள் ஒளியைக் குறைவாகவே திருப்பும். சென்சாரிலுள்ள சிறு திருகைச் சுழற்றி உணரும் தொலைவைச் சரிசெய்ய வேண்டும். செர்வோ பழைய கோணத்துக்குத் திரும்பாவிட்டால் அடுத்தவர் கைக்கு ஒன்றும் வராது. அழுத்தி இறுக்கமாக இருந்தாலோ மோட்டார் மின்சாரத்தை அதிகம் இழுக்கும். பலகை அணைந்து மீண்டும் தொடங்கும். நிரலில் பிழை தேடி நேரத்தை வீணாக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

முகம் அறிந்து திறக்கும் கதவும் இதே பாடத்தில் உள்ளது. அதற்குக் கேமராவும் தேவை.