அடுத்த ஆட்டம் எப்போது?

வன்னியில் பெண் பிள்ளைகள் உதைபந்தாட்டம் ஆடுகிறார்களா என்று வெளியிலிருந்து வருகிறவர்கள் இன்னமும் கேட்கிறார்கள். ஆடுகிறார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களிலும் பாடசாலைப் பெண்கள் அணிகள் உண்டு. எனக்குள்ள கேள்வி வேறு. இந்தப் பிள்ளைகள் பாடசாலையை விட்ட பிறகு எங்கே ஆடுகிறார்கள்? ஓர் அணிக்கு வரலாறு என்று ஒன்று உண்டாவதும் உண்டாகாமல் போவதும் இந்தக் கேள்வியில்தான் தங்கியிருக்கிறது.

முதலில் பாடசாலைப் போட்டி எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் என்று படிப்படியாக ஏற வேண்டும். துணுக்காய் வலயத்தில் வென்ற அணி மாகாண மட்டத்துக்குப் போகும். அங்கே தெல்லிப்பளை மகாஜனக் கல்லூரி போன்ற அணி எதிரே நிற்கும். மகாஜனாப் பெண்கள் அகில இலங்கை மட்டத்தில் பல தடவை சம்பியனானவர்கள். பெரும்பாலும் நொக் அவுட் முறை என்பதால் தோற்ற அணி அன்றோடு வீட்டுக்கு. 16 அணிகள் கலந்துகொள்ளும் நொக் அவுட் போட்டியில் 8 அணிகள் ஒரேயொரு ஆட்டத்தோடு வெளியேறிவிடும். அந்த ஓர் ஆட்டத்துக்காக மாதக்கணக்கில் பயிற்சி எடுத்திருப்பார்கள்.

அந்தப் பயிற்சியைக் கிட்ட நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பாடசாலை விட்ட பிறகு, வெயில் கொஞ்சம் தணிந்த பின்னேரம். கிரவல் மண் மைதானம். விழுந்தால் முழங்கால் உரியும். கோல் கம்பத்தில் வலை இருக்காது. அதனால் பந்து கம்பத்துக்கு உள்ளால் போனதா வெளியால் போனதா என்று ஒவ்வொரு நாளும் ஒரு வாக்குவாதம். பூட்ஸ் ஒரு சோடி இருவருக்கு. ஒருத்தி வெளியே வந்து கழற்றிக் கொடுத்தால்தான் மற்றவள் உள்ளே போகலாம். எல்லைக்கோடு சுண்ணாம்பில் போட்டது, மழை பெய்தால் இல்லை. ஆறு மணிக்குள் வீடு போய்ச் சேர வேண்டும், கடைசி பஸ்ஸையும் பார்க்க வேண்டும். இதற்குள் நின்றுகொண்டு இடது காலால் பந்தை வளைத்து அடிக்கப் பழகிய பிள்ளையை நினைத்துப் பாருங்கள். உயர்தரப் பரீட்சை முடிகிறது, அவளுடைய ஆட்டமும் முடிகிறது.

ஓர் அணியின் ஆயுளை எது தீர்மானிக்கிறது என்பதற்குத் துருக்கி நல்ல உதாரணம். ஆண்கள் உதைபந்தாட்டத்தில் பைத்தியமான நாடு அது. 1970களின் தொடக்கத்தில் இஸ்தான்புல்லில் தோஸ்த்லுக்ஸ்போர் என்ற பெண்கள் அணி உருவானது. விளையாடப் பெண்கள் இருந்தார்கள், மோதத்தான் போதிய அணிகள் இல்லை. பெண்களுக்கான லீக் 1993-94 பருவத்தில்தான் தொடங்கியது. முதல் சம்பியன் டினார்சுஸ்போர், ஒரு கம்பளத் தொழிற்சாலையின் ஆதரவில் இயங்கிய கழகம். 1995இல் துருக்கித் தேசிய அணி தன் முதல் சர்வதேச ஆட்டத்தில் ருமேனியாவிடம் 8-0 என்று தோற்றது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. லீக் பிறந்து இரண்டு வருடமளவே ஆகியிருந்த நாடு அது.

வெட்கப்பட வேண்டியது பிறகு நடந்தது. 2003இல் லீக்கை நிறுத்தினார்கள். 2006இல் திரும்பத் தொடங்கினார்கள். மூன்று வருடம் என்பது கேட்கச் சிறிதாக இருக்கலாம். ஒருத்திக்கு 19 வயதாக இருக்கும்போது லீக் நின்றால் மீண்டும் தொடங்கும்போது அவளுக்கு 22. இடையில் வேலை, திருமணம், ஊர் மாற்றம். போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வருவார்கள்? இன்று அங்கே பெண்களுக்கு சுப்பர் லீக் நடக்கிறது. பெனர்பாச்சே, கலாத்தசராய் போன்ற பெரும் கழகங்கள் 2021இல்தான் பெண்கள் அணியை அமைத்தன. அவை வந்த 2021-22 பருவத்தில் அதே லீக்கில் ஹக்காரியிலிருந்து ஓர் அணியும் தியார்பகிரிலிருந்து அமெட் என்ற அணியும் ஆடின. இரண்டும் நாட்டின் தென்கிழக்கில் குர்திஷ் மக்கள் வாழும் இடங்கள், நீண்டகாலம் சண்டையைப் பார்த்த மண். கோடிக்கணக்கில் பணம் புரளும் கழகத்தோடு ஒரே அட்டவணையில் தன் ஊரின் பெயரும் இருப்பது ஹக்காரிப் பிள்ளைக்கு என்னவாக இருக்கும் என்பதை வன்னியில் இருப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

இதற்கும் முந்திய கதை இங்கிலாந்தில் இருக்கிறது. முதலாம் உலகப் போர்க் காலத்தில் ஆண்கள் போர்முனைக்குப் போக, பிரெஸ்டன் நகரில் டிக் கெர் என்ற தொழிற்சாலையில் வேலை செய்த பெண்கள் அணி சேர்த்து ஆடினார்கள். 1920 நத்தாருக்கு மறுநாள் லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில் அவர்களின் ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். அடுத்த வருடம் டிசம்பர் 5ஆம் திகதி இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம், பெண்களுக்கு இந்த ஆட்டம் பொருந்தாது என்று சொல்லித் தன் உறுப்புக் கழகங்களின் மைதானங்களை அவர்களுக்கு மூடியது. தடை நீங்க 1971 ஆனது. கூட்டம் வரவில்லை, ஆதரவு இல்லை என்று பெண்கள் உதைபந்தாட்டத்தைப் பற்றிச் சொல்கிறவர்கள் அந்த 53,000 பேரையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இனி நம் மொழி பேசுகிறவர்களிடம் வருவோம். தமிழ்நாட்டின் கதையை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்வேன், ஏனென்றால் அது கடற்கரையில் தொடங்குகிறது. 2004 டிசம்பர் 26 சுனாமி முல்லைத்தீவை அழித்ததுபோலவே கடலூர்க் கரையையும் அழித்தது. கடலூரில் மாரியப்பன் என்ற பயிற்றுநர் வறிய குடும்பங்களின் பெண் பிள்ளைகளுக்கும், சுனாமியில் பெற்றோரை இழந்து இல்லத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கும் உதைபந்தாட்டம் பழக்கினார். அந்த மாவட்டத்திலிருந்துதான் இந்துமதி கதிரேசனும் சந்தியா ரங்கநாதனும் இந்திய அணி வரைக்கும் போனார்கள். 2018இல் கட்டாக்கில் நடந்த தேசிய சம்பியன்ஷிப் இறுதியாட்டத்தில் தமிழ்நாடு மணிப்பூரை 2-1 என்று வென்றது. இந்தியாவில் பெண்கள் உதைபந்தாட்டம் என்றாலே மணிப்பூர் என்றிருந்த காலம் அது. 2023இல் அம்ரித்சரில் ஹரியானாவை வென்று தமிழ்நாடு மீண்டும் சம்பியனானது.

இந்துமதி தமிழ்நாடு பொலிஸில் உதவி ஆய்வாளர். கொரோனா நாட்களில் சென்னைத் தெருவில் கடமையில் நின்றார், பிறகு இந்திய அணியில் ஆடினார். விளையாட்டு இடஒதுக்கீட்டில் அரசாங்க வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை, பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பலாமா என்று யோசிக்கும் தாய்க்கு எவ்வளவு பெரியது! 'பந்தடிச்சு என்ன பிள்ளை கிடைக்கப் போகுது' என்று நம் வீடுகளில் கேட்கும் கேள்விக்கு அங்கே காட்டுவதற்கு ஒரு பதில் உண்டு.

அதே தமிழ்நாட்டில் 2016இல் மதுரையைத் தளமாகக் கொண்டு சேது எப்.சி. உருவானது. இந்தியப் பெண்கள் லீக்கின் இரண்டாவது பருவத்தில் உள்ளே வந்து, மூன்றாவது பருவத்திலேயே கிண்ணத்தை எடுத்தது: 2019 மே மாதம், லூதியானாவில், மணிப்பூர் பொலிஸ் அணிக்கு எதிராக 3-1. பயிற்றுநர் அம்ருதா அரவிந்த், ஒரு பெண். அணியில் நேபாளத்தின் சபித்ரா பண்டாரி ஆடினார். அதற்கு முந்திய பருவத்தில் வங்கதேசத்தின் சபீனா கட்டூன் ஆடியிருந்தார். ஒழுங்கான லீக் நடந்தால் அயல்நாட்டின் முன்னணி வீராங்கனைகள்கூட ஒரு தமிழ் ஊரின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆட வருவார்கள். கடலூர்ப் பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று பழகுவதற்கு அப்படியான ஒருத்தி கிடைக்கிறாள்.

சபீனாவின் நாட்டையும் ஒரு வரி பார்த்துவிட வேண்டும். வங்கதேசத்தில் 2011 முதல் ஆரம்பப் பாடசாலைப் பெண் பிள்ளைகளுக்கு நாடு தழுவிய போட்டி நடந்தது. மைமன்சிங் மாவட்டத்தின் கல்சிந்தூர் என்ற கிராமத்து ஆரம்பப் பாடசாலை அதில் பல தடவை வென்று, தேசிய அணிக்கு ஒரு கூட்டம் பிள்ளைகளையே கொடுத்தது. 2022இல் சபீனா தலைமையில் வங்கதேசம் தெற்காசிய சம்பியன். 2024இலும் அவர்களே. 2025இல் முதல் தடவையாக ஆசியக் கிண்ணத்துக்கும் தகுதி பெற்றார்கள்.

இலங்கை? 2012 செப்டெம்பரில் தெற்காசியப் பெண்கள் சம்பியன்ஷிப் கொழும்பில் நடந்தது. எட்டு நாடுகளின் பெண்கள் வந்து ஆடினார்கள். அதே மாதக் கடைசியில்தான் வவுனியா செட்டிகுளத்தில் போரால் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக்பாம் முகாமிலிருந்து கடைசிக் குடும்பங்கள் வெளியேறின. அவர்களில் கேப்பாப்பிலவு மக்கள் பலருக்கு இராணுவம் பிடித்து வைத்திருந்த தங்கள் சொந்தக் காணிக்குக்கூடத் திரும்ப முடியவில்லை. அந்த முகாமில் வளர்ந்த பெண் பிள்ளைக்குக் கொழும்பில் ஒரு போட்டி நடந்ததே தெரிந்திருக்காது. 2014 போட்டியில் இலங்கை அரையிறுதிக்குப் போய் இந்தியாவிடம் தோற்றது. 2023 ஜனவரியில் நிர்வாகத்தில் அரசியல் தலையீடு என்று பீபா இலங்கையை இடைநிறுத்தியது. ஓகஸ்டில்தான் தடை நீங்கியது. கதிரைக்குச் சண்டை பிடித்தவர்கள் ஆண்கள். அந்த ஏழு மாதமும் பெண்களின் தேசிய அணிக்கும் சர்வதேச ஆட்டம் இல்லை.

நாட்டில் பெண்களுக்கான பலமான கழகங்கள் என்று பார்த்தால் முன்னால் நிற்பவை இராணுவம், கடற்படை, விமானப்படை அணிகள். அங்கே சம்பளம் உண்டு, மைதானம் உண்டு, தினப் பயிற்சி உண்டு. வேறு மாகாணத்துப் பிள்ளைக்கு அது ஒரு நல்ல வழி. கேப்பாப்பிலவிலோ புதுக்குடியிருப்பிலோ வளர்ந்த பிள்ளைக்கு அது எப்படி வழியாகும்? உதைபந்தாட்டத்தில் மேலே போக வேண்டுமென்றால் அந்தச் சட்டையைப் போட வேண்டும் என்ற நிலை, வன்னிப் பிள்ளைகளுக்குக் கதவைப் பாதியில் மூடிவிடுகிறது. இதை யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. பேச வேண்டும். கதவைத் திறப்பதற்குத் தேவையானது ஊர்க் கழகங்களில் பெண்கள் அணி.

உடுப்புப் பற்றியும் ஒரு சொல். தலையை மறைத்து ஆடலாமா என்று வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் முஸ்லிம் பெற்றோர் கேட்பார்கள். ஆடலாம். 2011இல் இதே காரணத்துக்காக ஈரான் பெண்கள் அணிக்கு அம்மானில் ஒலிம்பிக் தகுதிகாண் ஆட்டம் மறுக்கப்பட்டது. 2014 முதல் விதியே மாறி, தலையை மறைக்கும் துணி அனுமதிக்கப்பட்டுவிட்டது. நீளக் காற்சட்டை உள்ளே போட்டு ஆடுவதும் எல்லா இடத்திலும் சாதாரணம்.

வன்னிக்கு வேண்டியது ஒரு லீக். நொக் அவுட்டுக்கும் லீக்குக்கும் உள்ள வித்தியாசம் கணக்கிலேயே தெரியும். மாவட்டத்துக்கு இரண்டு என்று 6 அணிகள் போதும். ஒவ்வோர் அணியும் மற்ற ஐந்தோடும் இரண்டு தடவை மோதினால் மொத்தம் 30 ஆட்டங்கள், ஒவ்வொருத்திக்கும் 10 ஆட்டங்கள். முதல் ஆட்டத்தில் தோற்றவளுக்கும் அடுத்த சனிக்கிழமை ஆட்டம் உண்டு. விட்ட பிழையைத் திருத்திக்கொண்டு வர அவளுக்கு ஒரு கிழமை இருக்கிறது. ஆட்டம் கற்பது அப்படித்தான்.

அணிகள் எங்கிருந்து வரும் என்று கேட்டால், பிரெஸ்டனிலும் துருக்கியிலும் தொழிற்சாலைகள் அணி வைத்ததை மறக்க வேண்டாம். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஆடைத் தொழிற்சாலைகளுக்குக் காலையில் பஸ் பஸ்ஸாகப் போகிறவர்களில், நாலைந்து வருடத்துக்கு முன் மாகாண மட்டம் வரைக்கும் ஆடியவர்கள் இருக்கிறார்கள். அந்த பஸ்ஸே சனிக்கிழமை மைதானத்துக்கும் ஓடலாம். மற்ற அணிகளை ஊர் விளையாட்டுக் கழகங்கள் அமைக்கலாம். ஆண்கள் அணிக்கு வாங்கும் பந்தில் இரண்டு கூடுதலாக வாங்கினால் தொடங்கிவிடலாம். ஆடி முடித்த அக்காமாருக்கு மத்தியஸ்தர் பயிற்சி கொடுத்தால் விசில் ஊத வெளியே ஆள் தேட வேண்டியதில்லை. பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பும் தாய்க்கும் அங்கே நிற்பது தெரிந்த முகமாக இருக்கும்.

மூன்று ஆட்டங்களையும் ஒரே நாளில், ஒரே மைதானத்தில் வைத்தால் 10 சனிக்கிழமைகளில் முழு லீக்கும் முடிந்துவிடும். விடிய இரண்டு ஆட்டம், பின்னேரம் ஒன்று. நடுப்பகல் வெயிலில் யாரையும் ஓட வைக்கக் கூடாது. தைப்பொங்கல் கழிந்து மைதானம் காய்ந்ததும், மாசியில் தொடங்கலாம். சித்திரை வருடப்பிறப்புக் கிழமையை விட்டுவிட்டாலும் வைகாசிக்கு முன் பெரும்பகுதி முடிந்துவிடும். கடைசிச் சனிக்கிழமையை மட்டும் வைகாசிக்குத் தள்ளி முல்லைத்தீவில் வைக்க வேண்டும். அந்த மாதம் அங்கே வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்கு வன்னி முழுவதும் திரளுகிற நாட்களை ஒட்டி வைத்தால் பார்வையாளருக்குப் பஞ்சமிராது.