கடலில் சிந்திய வெண்மணிகள்

ஜவ்வரிசியைக் கண்டிராத வீடு நம்மிடையே இராது. ஏறக்குறைய அதே அளவு, அதே வெண்மை. 2021-ம் வருஷம் மே மாதக் கடைசியில், இலங்கையின் மேற்குக் கரையில் நீர்கொழும்புக்கு அருகிலுள்ள சரக்குவ என்னும் இடத்தின் மணற்பரப்பு இத்தகைய மணிகளால் மூடுண்டு, உப்புப் பூத்தாற்போல் கிடந்தது.

அவ்வளவும் பிளாஸ்டிக். குடம், வாளி முதலிய சாமான்களை வார்ப்பதற்குத் தொழிற்சாலைகள் வாங்கும் மூலப்பொருள் இதுவே. கொழும்புக்கு வெளியே நங்கூரம் பாய்ச்சியிருந்த 'எக்ஸ்பிரஸ் பேர்ல்' என்னும் சரக்குக் கப்பலில் மே 20-ம் தேதி தீப்பற்றியது. பல நாள் எரிந்து, ஜூன் மாதத்தில் அது மூழ்கிற்று. கப்பலிலிருந்த மணிகள் சுமார் 1,680 டன். பள்ளிக்கூட வாத்தியாருக்குக் கணக்குப் போடாமல் இருக்க முடியுமா? ஒரு மணியின் எடை 20 மில்லிகிராம் என்று கொண்டால், டன்னுக்கு 5 கோடி. மொத்தம் 8,400 கோடி!

ஐந்து மில்லிமீட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் துணுக்குகளை 'மைக்ரோபிளாஸ்டிக்' என்கிறார்கள். 2004-ல் ரிச்சர்டு தாம்ஸன் என்னும் ஆங்கில விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் எழுதிய கட்டுரைக்குப் பிறகே இப்பெயர் பரவிற்று. பிளாஸ்டிக் முழுவதும் மிதக்கும் என்று எண்ணுவது தவறு. சில வகை கடல் நீரைவிடக் கனமானவை, உடனே அமிழ்ந்துவிடும். மிதக்கும் வகையின்மேலும் நாளடைவில் பாசியும் நுண்ணுயிரும் படர்ந்து, பாரம் ஏறி, அடியிலுள்ள சேற்றில் கொண்டு சேர்க்கின்றன. அங்கே மக்கிப் போகுமா? அதுதான் இல்லை. வெயிலும் அலையும் பட்ட துணுக்கு மேலும் சிறு துணுக்குகளாக உடையுமேயன்றி மறைந்துவிடாது. போதாக்குறைக்கு, நீரில் கலந்துள்ள விஷப் பொருள்களைத் தன் மேற்பரப்பில் ஈர்த்துத் திரட்டி வைத்துக்கொள்ளும் குணமும் அதற்கு உண்டு. ஜப்பானியக் கரையில் ஆராய்ந்தவர்கள், சுற்றியுள்ள நீரைப்போல் லட்சக்கணக்கான மடங்கு செறிவுடன் சில விஷங்கள் மணிகளில் ஏறியிருக்கக் கண்டார்கள். இரையென்று மயங்கி மீன் விழுங்குவது இதைத்தான்.

சரக்குவக் கரையில் கடற்படையினரும் கூலியாட்களும் மணலை வாரிச் சல்லடையில் சலித்தார்கள். நெருப்பில் உருகிக் கருகிய துண்டுகள் கல்லோ கரியோ என்று பிரித்தறிய முடியாதபடி கிடந்தன, தொட்டாலே பொடிந்தன. மேற்பரப்பைத் துப்புரவாக்கியதும் அடுத்த அலை புதைந்தவற்றை வெளியே கொண்டுவந்து போடும். இதற்கிடையில் மீன் பிடிக்கத் தடை. கப்பலையே கண்டிராத குடும்பங்களின் அடுப்பு அணைந்தது. 2025 ஜூலையில் இலங்கை உச்ச நீதிமன்றம், கப்பல் தரப்பினர் 100 கோடி டாலர் நஷ்டஈடு தரவேண்டுமென்று தீர்ப்பளித்தது. விபத்து நடந்து நான்கு வருஷம் கழிந்த பின்! அந்த நான்கு வருஷமும் மீனவன் எதைத் தின்றான் என்று எந்தச் சட்டப் புத்தகமும் கேட்பதில்லை.

இத்தனைக்கும், கப்பல் தீப்பற்றிய காலத்தில் கடல் வாணிப விதிகளில் இம்மணிகள் அபாயச் சரக்காக எண்ணப்படவில்லை. அமிலத்துக்கு எச்சரிக்கைச் சீட்டு உண்டு. மணி மூட்டைக்கு இல்லை. 2024-ல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு, இவற்றை உறுதியாகக் கட்டி, கப்பலின் மேல்தட்டில் வைக்காமல் முடிந்தவரை அடியில் ஏற்றும்படி யோசனை கூறிற்று. யோசனைதான், கட்டாயமன்று.

மறு வருஷம் மே 25-ம் தேதி கொச்சிக்கு அப்பால் 'எல்ஸா 3' என்னும் கப்பல் மூழ்கியது. சில தினங்களில் திருவனந்தபுரத்துக் கரையிலும், பிறகு நமது கன்னியாகுமரி ஜில்லாவின் கரையிலும் அதே வெண்மணிகள் ஒதுங்கின. அங்கேயும் ஜனங்கள் குனிந்து பொறுக்கத் தொடங்கினார்கள்.